முட்டை ஓட்டில் செம்பு முலாம்: எலெக்ட்ரோஃபார்மிங் கிட் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

எலெக்ட்ரோஃபார்மிங் என்பது மின்சாரத்தால் ஒரு பொருளின் மேல் உலோகத்தைத் தடிப்பாகப் படியவைப்பது. ஆன்லைனில் 'எலெக்ட்ரோஃபார்மிங் ஸ்டார்ட்டர் கிட்' என்று கிடைப்பவற்றில் பெரும்பாலும் பெயர்தான் வேறு. பெட்டியைத் திறந்தால் 5 ஆம்பியர் வரை தரும் டிசி பவர் சப்ளை, ஒரு லிட்டர் ஆசிட் காப்பர் சொல்யூஷன், 20 அல்லது 30 மில்லி மின்சாரம் கடத்தும் பெயிண்ட், இரண்டு செம்புத் தகடு, ஒரு கண்ணாடிக் குவளை, கொஞ்சம் கம்பி. இலை, விதை, கல் ஆகியவற்றில் செம்பு ஏற்றி டாலர் செய்ய இது தாராளம். முட்டைக்காக வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு காசு கொடுக்க வேண்டும். பெட்டியில் விலை கூடிய பொருள் பவர் சப்ளை. ஆனால் முட்டை தேறுமா தேறாதா என்பது பெயிண்டிலும், அதற்கு அடியில் பூசும் சீலரிலும்தான் இருக்கிறது. அந்தச் சீலர் பல கிட்களில் கிடையவே கிடையாது.

காரணம் எளிது. கோழிமுட்டை ஓட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். செம்பு சொல்யூஷனில் லிட்டருக்கு 50 முதல் 60 கிராம் கந்தக அமிலம் இருக்கும். இரண்டும் நேரடியாகத் தொட்டால் ஓடு நுரைத்துக் கரையும்; கரியமில வாயு பெயிண்டை அடியிலிருந்து தூக்கிவிடும்; மிச்சம் ஜிப்சமாக மாறி வெள்ளைப் பொருக்கு படியும். ஓடு முழுக்க ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருப்பதால், பெயிண்ட் கண்ணுக்கு முழுமையாகத் தெரிந்தாலும் அமிலம் உள்ளே போக வழி இருக்கிறது. இலைக்கு எழுதிய கையேட்டை முட்டைக்கும் பின்பற்றினால் தோற்பது இந்த இடத்தில்தான்.

சீலராக அரக்குப் பாலிஷ், தெளிவான அக்ரிலிக் லாக்கர், இரு கலவை எபாக்சி அல்லது பியு (பாலியூரித்தேன்) கிளியர் எதையும் பயன்படுத்தலாம். மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றும் நன்கு காய்ந்த பிறகு. அடுத்து வரும் பெயிண்ட் எந்தக் கரைப்பானில் இருக்கிறது என்று பாட்டிலைப் பார்ப்பது முக்கியம். அசிட்டோன் கலந்த பெயிண்ட் அக்ரிலிக்கைக் கரைத்து இழுத்துவிடும். ஸ்பிரிட்டில் கலந்தது அரக்கைக் கரைக்கும். தண்ணீரில் கலந்த பெயிண்டுக்கு அரக்கே போதும். எதில் கலந்தது என்று பாட்டிலில் எழுதாத பெயிண்டாக இருந்தால் எபாக்சி அல்லது பியுதான் பத்திரம். முழுதாக இறுகிவிட்டால் இவற்றைச் சாதாரணக் கரைப்பான்கள் எளிதில் அசைப்பதில்லை.

முட்டையைக் காலி செய்ய கிட்டில் எந்தக் கருவியும் வராது. அகன்ற முனையில் 3 முதல் 4 மில்லிமீட்டர் துளை ஒன்று போதும். ஊசியால் குத்தினால் விரிசல் ஓடும். சிறிய ரோட்டரி கருவியில் வைரத்தூள் முனை மாட்டி அழுத்தாமல் சுற்றவிட வேண்டும். மெல்லிய கம்பியால் மஞ்சள் கருவைக் கலக்கி, துளையைக் கீழே வைத்து, சிரிஞ்சின் வளைந்த ஊசியால் உள்ளே காற்றை ஏற்றினால் தானாக வழியும். பிறகு வெதுவெதுப்பான நீர், ஒரு பங்கு பிளீச்சுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்த கரைசல், மறுபடி நல்ல நீர். பிளீச் உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வைக் கரைத்து எடுக்கும். சவ்வு தங்கினால் நாறும். ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளிப்புறத்தைச் சோப்பு நீரால் மட்டும் கழுவுங்கள். பளிச்சென்று வரும் என்று வினிகர் தேய்ப்பவர்கள் உண்டு. அதுவும் அமிலம்தான், ஓட்டின் மேல்தளத்தை மாவாக்கிவிடும்.

கிட் கையேடுகள் பேசாத இன்னொரு விஷயம், காலி முட்டை மிதக்கும். 60 கிராம் கோழிமுட்டையின் கொள்ளளவு சுமார் 55 மில்லி. சொல்யூஷனின் அடர்த்தி 1.15 அளவில் இருப்பதால் முட்டையை மேலே தள்ளும் விசை 63 கிராமுக்குச் சமம். ஓட்டின் எடையோ 6 கிராம்தான். மெழுகு ஊற்றி நிரப்பச் சொல்லும் ஆலோசனை பல இடங்களில் சுற்றுகிறது. மெழுகின் அடர்த்தி 0.9. முழுக்க நிரப்பினாலும் மொத்தம் 56 கிராமைத் தாண்டாது, அப்போதும் மிதக்கும். பாரிஸ் சாந்து நிரப்பினால் ஈரம் காயப் பல நாளாகும். நன்றாக வறுத்து ஆறவைத்த மெல்லிய மணல்தான் சரி. காகிதப் புனல் வழியாக 65 முதல் 80 கிராம் வரை இறங்கும், முலாம் முடிந்ததும் கொட்டிவிடலாம். மணலை நிரப்பியதும் 0.9 மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் நுனியை வளைத்துத் துளைக்குள் இறக்கி எபாக்சியால் அடைக்க வேண்டும். கம்பியே தொங்கவிடும் கொக்கி, அதுவே மின் இணைப்பும். கம்பியும் ஓடும் சேரும் தோள்பகுதியில் பெயிண்டைத் தடிப்பாகப் பூசுங்கள். மின்சாரம் முழுவதும் அந்தக் கழுத்து வழியாகத்தான் நுழைகிறது. அங்கே மயிரிழை விரிசல் விழுந்தாலும் முட்டை முழுவதும் வெறுமையாக நிற்கும்.

இனி பெயிண்ட். கிட்களை ஒப்பிடும்போது அதிக நேரம் செலவிட வேண்டியது இதில்தான். கிராஃபைட் பெயிண்ட் மலிவு, வழி பழையது: 1838இல் ரஷ்யாவில் யாக்கோபி கால்வனோபிளாஸ்டியை (மின்சாரத்தால் உலோகம் படியவைத்து அச்சுப் பிரதி எடுக்கும் முறையை) அறிவித்த ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே, உலோகமல்லாத அச்சுகளுக்குக் கிராஃபைட் தூளைத் தேய்த்துச் செம்பு ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். அதன் குறை மின்தடை. மல்டிமீட்டரை முட்டையின் இரு முனைகளிலும் வைத்தால் பொதுவாகச் சில நூறு ஓம் முதல் ஆயிரங்கள் வரை காட்டும். அதனால் செம்பு கம்பியருகே தொடங்கி மெல்ல மெல்லக் கீழே படர்கிறது. அடிமுனையை எட்டுவதற்குள் மேல்முனை தடித்துவிடும். பெயிண்ட் காய்ந்ததும் பஞ்சால் மெதுவாகத் தேய்த்து மினுக்கினால் தடை கணிசமாகக் குறையும். அரை மணி வேலைதான், கட்டாயம் செய்யுங்கள்.

செம்புத்தூள் பெயிண்ட் நடுத்தர விலை. தடை குறைவு, முட்டை சீக்கிரம் மூடிவிடும். ஆனால் தூள் பாட்டிலின் அடியில் படிந்துவிடுவதால் ஒவ்வொரு முறை தூரிகையைத் தொடும்போதும் கலக்க வேண்டும்; கலக்காமல் மேலே உள்ளதை எடுத்தால் வெறும் பசையைத்தான் பூசுகிறீர்கள். திறந்து வெகுநாளான பாட்டிலில் தூள் கறுத்திருந்தால் அதை முட்டைக்குப் பயன்படுத்த வேண்டாம். வெள்ளிப் பெயிண்ட் சில ஓம் அளவுக்கு இறங்கிவிடும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முழு ஓடும் செம்பு நிறமாகும். விலைதான் தடுக்கிறது. ஒரு கோழிமுட்டைக்கு இரண்டு பூச்சுக்கு 2 முதல் 3 மில்லி ஆகும் என்பதால், கம்பிக்கழுத்தில் மட்டும் வெள்ளியும் மற்ற இடத்தில் செம்புத்தூளும் பூசுவது நல்ல சமரசம். எந்தப் பெயிண்ட் என்றாலும் தூரிகைக் கோடுகள் முலாமின் மேலும் அப்படியே தெரியும். தூரிகையைவிட ஏர்பிரஷ் மேல். ஓட்டின் இயல்பான சொரசொரப்பு வேண்டும் என்பவர்கள் பெயிண்டை நீர்க்கக் கலந்து ஏர்பிரஷ்ஷில்தான் அடிக்க வேண்டும். தடித்த பூச்சு அந்த நயத்தை மூழ்கடித்துவிடும்.

பவர் சப்ளையைப் பொறுத்தவரை 5 ஆம்பியர் தேவையே இல்லை. கோழிமுட்டையின் பரப்பு சுமார் 70 சதுர செ.மீ. டெசிமீட்டர் சதுரத்துக்கு, அதாவது 100 சதுர செ.மீ.க்கு, 1 ஆம்பியர் என்ற கணக்கில் 0.7 ஆம்பியர் போதும். 10 ஆம்பியர் மாடல் என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். மின்னோட்டத்தை 0.01 ஆம்பியர் படியில் காட்டுகிறதா, நிலையான மின்னோட்ட முறையில் ஓடுகிறதா என்று பாருங்கள். வோல்ட்டை மட்டும் நிலையாக வைத்தால், செம்பு படரப் படரத் தடை குறைந்து ஆம்பியர் தானே ஏறி முனைகள் கருகும். சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் தனியாக வாங்கும் 3 ஆம்பியர் பெஞ்ச் சப்ளையே இதற்குத் தாராளம்.

முட்டையை இறக்கும்போது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இணைப்பைக் கொடுத்துவிட்டு இறக்குங்கள். இல்லாவிட்டால் செம்புத்தூளின் மேல் இருக்கும் ஆக்சைடை அமிலம் கரைத்துக் கடத்தும் படலம் அறுந்துபோகும். முதலில் 0.1 முதல் 0.2 ஆம்பியர். முழு ஓடும் மூடிய பிறகே 0.7க்கு ஏற்ற வேண்டும். அந்த மின்னோட்டத்தில் மணிக்கு 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) படியும். 100 மைக்ரானுக்கு ஏழரை மணி நேரம், 150 மைக்ரானுக்குப் பதினோரு மணிக்கு மேல். கைபடும் அலங்காரப் பொருளுக்கு 100 மைக்ரானுக்குக் கீழே நிறுத்துவது வீண். 50 மைக்ரான் முட்டை விரல் அழுத்தத்தில் உள்வாங்கும். கடிகாரத்தை மட்டும் நம்பாமல் எடையையும் பாருங்கள்: 100 மைக்ரான் என்றால் முட்டை ஏறக்குறைய 6.2 கிராம் கனத்திருக்க வேண்டும். குறைவாக இருந்தால் கிளிப்பிலோ கம்பியிலோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

கிட்டோடு வரும் அரை லிட்டர், ஒரு லிட்டர் குவளைகள் முட்டைக்குச் சின்னவை. 13 செ.மீ. விட்டமுள்ள 2 லிட்டர் பீக்கர் வாங்கி, செம்புத் தகட்டை உள்சுவரையொட்டி வளையமாக வளைத்து வைத்தால் முட்டையைச் சுற்றி நான்கு செ.மீ. இடைவெளி சமமாகக் கிடைக்கும். இரண்டு தகடுகளை எதிரெதிரே வைத்தால் அவற்றை நோக்கிய இரு கன்னங்களும் தடித்து, இடைப்பகுதி மெலிந்துவிடும். ஆனோடு (நேர்முனையில் இணைக்கும் செம்புத் தகடு) பாஸ்பரஸ் கலந்த செம்பாக இருந்து, பாலிப்ரோப்பிலீன் பையில் இருக்க வேண்டும். மின்வயரை உரித்தெடுத்த சுத்தச் செம்பு கருந்துகளாக உதிர்ந்து கரைசலில் மிதக்கும். அது முட்டையில் ஒட்டினால் ஒவ்வொன்றும் ஒரு பரு.

சொல்யூஷனை நீங்களே செய்வதானால், லிட்டருக்கு 200 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 55 கிராம் கந்தக அமிலம், குளோரைடுக்காக 0.1 கிராம் உப்பு, பளபளப்பு தரும் பிரைட்டனர் அதன் தயாரிப்பாளர் சொல்லும் அளவு. பேட்டரி ஆசிட்டாக ஊற்றினால் சுமார் 115 மில்லி. அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அவசியம். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. போர்வெல் தண்ணீரில் இருக்கும் கூடுதல் குளோரைடு பளபளப்பைக் கெடுத்துவிடும். உரக்கடை மயில்துத்தம் பயிருக்கு அடிக்கத்தான், இதற்கு லேப் கிரேடு வாங்குங்கள்.

கெட்டுப்போன முட்டையைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். முனையில் பழுப்பாக, பொடியாக உதிர்ந்தால் மின்னோட்டம் அதிகம். மேலெங்கும் பருக்கள் என்றால் தூசியோ ஆனோடு கசடோ; வடிகட்டுங்கள். ஊசிக்குழிகள் வந்தால் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கிறது, கரைசலை மெதுவாக அசையவிடுங்கள். அதே குழியிலிருந்து குமிழி நிற்காமல் வந்தால் சீலர் தோற்று அமிலம் ஓட்டைத் தின்கிறது. அந்த முட்டையை மீட்க முடியாது, எடுத்துவிடுங்கள். எல்லாம் முடிந்து சில வாரம் கழித்துக் கொப்புளம் கிளம்பினால் உள்ளே ஈரம் இருந்திருக்கிறது.

காடை முட்டை பரப்பில் 25 சதுர செ.மீ.தான், 0.25 ஆம்பியரில் ஓடும், ஆனால் ஓடு மெலிது, துளையிடும்போதே பாதி போய்விடும். வாத்துமுட்டை 80 சதுர செ.மீ. ஓடும் உறுதியானது, பழகுவதற்கு இதைத்தான் பரிந்துரைப்போம். நெருப்புக்கோழி முட்டை 600 சதுர செ.மீ.யை நெருங்கும். அதற்கு 6 ஆம்பியரும், அதை அமிழ்த்த ஒன்றரைக் கிலோ எடையும் வேண்டும். எந்த ஸ்டார்ட்டர் கிட்டும் தாங்காது. மயில் உள்ளிட்ட காட்டுப் பறவைகளின் முட்டைகளை எடுப்பது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூட்டில் கிடந்தது, பொரியாதது என்ற வாதம் உதவாது.

செம்பு முடிந்ததும் 5 சதவீதச் சோடா உப்புக் கரைசலில் நனைத்துக் கழுவி, கம்பியை வெட்டி, எபாக்சியைத் துளைத்து மணலைக் கொட்டி, 800, 1500, 2000 எண் நீர் உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றலாம். லாக்கர் அடிக்காவிட்டால் கைபட்ட இடம் ஓரிரு நாளில் கறுக்கும். நிக்கல், வெள்ளி, தங்கம் வேண்டுமென்றால் கடையில் கொடுப்பதே நல்லது. தங்க, வெள்ளிக் குளியல்களில் சயனைடு இருக்கும், வீட்டில் அது கூடவே கூடாது. அப்படிக் கொடுப்பதாக இருந்தால் கம்பியையும் மணலையும் எடுக்காதீர்கள். 'ரேக்கில் தொங்கவிடுங்கள், பேரலில் போடாதீர்கள்' என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் சீட்டிலும் எழுதிக் கொடுங்கள். பேரல் என்பது பொருள்களைக் கொட்டி உருட்டும் டிரம்; அது உருள்வதில் ஒரு முட்டையும் மிஞ்சாது.

கரைசலைத் தூக்கிப்போடத் தேவை வராது. காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, ஆவியான நீரை மட்டும் ஈடுசெய்து மூடி வைத்தால் வெகுகாலம் ஓடும். கழுவிய நீரில் செம்பு இருக்கிறது, அது மீனுக்கு விஷம். அதைச் சாக்கடையில் விடாமல் ஒரு வாளியில் சேர்த்து, நுரை அடங்கும் வரை சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் நீலப்பச்சைச் சேறாகப் படிந்துவிடும். தெளிந்த நீரை இறுத்துவிட்டு, சேற்றைக் காயவைத்து மூடிய டப்பாவில் அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.