கிருஷ்ணகிரியில் வாங்கிய நம்பர் பூட்டு: இரண்டு அமெரிக்கப் பயணங்களுக்குப் பிறகு

மகள் டெக்சாஸ் மாநிலத்தில் குடித்தனம் வைத்த பிறகு நானும் என் கணவரும் இரண்டு முறை அங்கே போய் வந்திருக்கிறோம். இரண்டு முறையும் புறப்படுவதற்கு முந்தின இரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே விவாதம்தான் நடந்தது: விமானத்தின் அடியில் போகும் பெட்டிகளைப் பூட்ட வேண்டுமா, வேண்டாமா? "பூட்டுனா உடைச்சுடுவாங்க அண்ணி, சும்மா ஜிப்பை இழுத்து உட்டுடுங்க" என்பது என் கொழுந்தனாரின் கட்சி. வீட்டு அலமாரிக்குப் போடும் பித்தளைப் பூட்டையே பெட்டிக்கும் போட வேண்டும் என்பது என் சம்பந்தி அம்மாவின் கட்சி. இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது என்பதை இரண்டு பயணங்களில் தெரிந்துகொண்டேன். இது நான் வாங்கிய ஒரு பூட்டைப் பற்றிய மதிப்புரை என்றாலும், பூட்டு எதைக் காக்கிறது, எதைக் காப்பதில்லை என்பதைச் சொல்லாமல் அந்தப் பூட்டு நல்லதா கெட்டதா என்று சொல்ல இயலாது.

பூட்டை வாங்கியது கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து சிறிது தொலைவில் உள்ள ஒரு பைக்கடையில். பள்ளிப் பைகளும் மணப்பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் சூட்கேஸ்களும் கூரைவரை தொங்கும் அந்தக் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழெட்டு வகைப் பூட்டுகள் இருந்தன. எங்கே போகிறோம் என்று கடைக்காரத் தம்பி முதலில் கேட்டார். அமெரிக்கா என்றதும், "அப்டீன்னா இந்தச் செவப்புக் கட்டம் போட்டதை எடுத்துக்கோங்கம்மா, மத்தது வேண்டாம்" என்று ஓர் அட்டையை எடுத்து வைத்தார். அதில் மூன்று எண் சக்கரங்களும், வளைந்த எஃகுக் கம்பிக்குப் பதிலாக பிளாஸ்டிக் உறையிட்ட மெல்லிய வயரும் கொண்ட இரண்டு பூட்டுகள் இருந்தன. விலை 700 ரூபாய். அந்தச் சிவப்புச் சாய்சதுரத்துக்குப் பொருள் என்ன என்று அவரிடம் கேட்டேன். அது அமெரிக்கக்காரர்களின் முத்திரை என்பதோடு நிறுத்திக்கொண்டார். கீழே வருவது பின்னர் நானாகத் தேடித் தெரிந்துகொண்டது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அதே ஆண்டு நவம்பரில், அமெரிக்க அரசு டி.எஸ்.ஏ. என்ற போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தை ஏற்படுத்தியது. அந்த நாட்டு விமான நிலையங்களில் அடியில் போகும் பெட்டிகளைச் சோதிப்பது இவர்களுடைய பொறுப்பு. சந்தேகம் எழுந்தால் உரிமையாளர் உடன் இல்லாமலே பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரமும் இவர்களுக்கு உண்டு. சாதாரணப் பூட்டு குறுக்கே நின்றால் அதை வெட்டுவார்கள், அதற்கு இழப்பீடும் கிடையாது. இந்தச் சிக்கலைத் தீர்க்க 2003-இல் டிராவல் சென்ட்ரி என்ற நிறுவனம் ஒரு முறையைக் கொண்டுவந்தது. பூட்டின் அடியில் ஒரு சிறு சாவித் துளை இருக்கும். அதன் அருகே டி.எஸ்.ஏ. 002, 007 என்பதுபோல் ஒரு குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறியீட்டுக்குரிய பொதுச்சாவி சோதனை அதிகாரிகளிடம் இருக்கும். சிவப்புச் சாய்சதுரம் அந்த நிறுவனத்தின் அடையாளம். சேஃப் ஸ்கைஸ் என்ற மற்றொரு நிறுவனம் சிவப்புத் தீப்பந்தத்தை அடையாளமாக வைத்திருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் போதும்.

அந்தத் துளையைப் பார்த்துவிட்டு, "சாவி தராம ஏமாத்திட்டீங்க" என்று பூட்டைத் திருப்பிக் கொண்டுவருபவர்கள் நிறைய என்று கடைக்காரர் சொன்னார். நானும் வீட்டுக்கு வந்து அட்டையைக் கிழித்து உதறிச் சாவியைத் தேடியவள்தான். அது நமக்கான துளையே அல்ல, நமக்கு எண்கள் மட்டும்தான்.

இனி பூட்டு. கையில் எடுத்தால் தீப்பெட்டியைவிடச் சிறியது, ஆனால் கனமானது. எண் சக்கரங்கள் புதிதில் இறுக்கமாக இருந்து, ஒவ்வோர் எண்ணிலும் 'டிக்' என்று நின்றன. வயர் வகையைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன், ஏனென்றால் இரண்டு ஜிப் ரன்னர்களின் வளையங்கள் ஒன்றுக்கொன்று சரியாக ஒட்டி நிற்காத பழைய பெட்டியிலும் வயர் வளைந்து நுழைகிறது. எஃகுக் கம்பி வகை அப்படி நுழைவதில்லை. அதற்குப் பதிலாக நாம் கொடுக்கும் விலை, ஒரு சாதாரண கட்டிங் பிளேயரால் இந்த வயரை ஒரே அழுத்தில் வெட்டிவிடலாம் என்பது. மூன்று சக்கரங்களுக்கு 1,000 எண்கள்தான் இருக்கின்றன; ஓர் எண்ணுக்கு இரண்டு விநாடி என்று வைத்தாலும், பொறுமையுள்ள ஒருவர் முப்பத்தைந்து நிமிடத்துக்குள் எல்லா எண்களையும் முயன்று பார்த்துவிடலாம்.

எனக்குப் பிடிக்காத ஒன்று எண்ணை மாற்றும் முறை. பக்கவாட்டில் உள்ள சிறு குமிழைப் பேனா முனையால் அழுத்தி, புதிய எண்ணை வைத்து, மறுபடி குமிழை வெளியே இழுக்க வேண்டும். முதல் பயணத்தில் அந்தக் குமிழ் முழுவதும் வெளியே வராமல் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. வழியில் வேறொரு பெட்டி உரசிச் சக்கரத்தைத் தள்ளியதில், எங்களுக்குத் தெரியாத எண்ணே பூட்டின் எண்ணாகிவிட்டது. மகள் வீட்டில் உட்கார்ந்து 000 தொடங்கி 412 வரை சுழற்றித்தான் அதைத் திறந்தோம். எண்ணை மாற்றிய பிறகு பூட்டைக் கையில் வைத்தே இரண்டு முறை பூட்டித் திறந்து பார்த்துவிட்டுப் பெட்டியில் மாட்டுங்கள்.

பூட்டைப் பற்றிய என் எண்ணத்தையே மாற்றியது வேறொரு காட்சி. இரண்டாம் பயணத்துக்கு முன் பெரிய பெட்டி ஒன்று வாங்க அதே கடைக்குப் போயிருந்தபோது, துணிப்பெட்டிக்கும் கடினமான பாலிகார்பனேட் பெட்டிக்கும் பாதுகாப்பில் என்ன வேறுபாடு என்று கேட்டேன். தம்பி பதில் சொல்லாமல், காட்சிக்கு வைத்திருந்த ஒரு பெட்டியின் ரன்னர்கள் இரண்டையும் பூட்டினார். சட்டைப்பையிலிருந்து சாதாரண பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, ஜிப்பின் பற்கள் சேரும் கோட்டின் நடுவே முனையை வைத்து ஒரு குத்துக் குத்தினார். பற்கள் விலகின. பேனாவை அப்படியே இழுத்துக்கொண்டு போனதும், முருங்கைக்காயை நீளவாக்கில் பிளந்ததுபோல் ஒரு பக்கம் முழுவதும் திறந்துகொண்டது. பூட்டு பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு பூட்டோடு சேர்த்து இரண்டு ரன்னர்களையும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார். ஜிப் மறுபடி மூடிக்கொண்டது. பேனா குத்திய இடத்தை விரலால் தடவினேன். ஒரு சிறு சொரசொரப்பைத் தவிர எந்தத் தடயமும் இல்லை. "பூட்டுக்கு எழுநூறு குடுக்கறதைவிட ஜிப்புக்குக் கூடக் குடுங்கம்மா" என்றார் அவர். கூடுதல் விலைப் பெட்டியை விற்கும் பேச்சு என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அவர் அடுத்து எடுத்துக் காட்டிய இரட்டை வரிசைப் பல் கொண்ட ஜிப்பில் அதே பேனாவை நானே குத்திப் பார்த்தேன், முனைதான் வளைந்தது. அந்தப் பெட்டியையே வாங்கினேன். ஜிப்பே இல்லாமல் உலோகச் சட்டமும் கொக்கிகளும் கொண்ட பெட்டிகளும் உண்டு. அவை இன்னும் உறுதியானவை, ஆனால் காலிப் பெட்டியே கனமாக இருப்பதால் 23 கிலோ வரம்பில் கேழ்வரகு மாவுக்கும் புளிக்கும் இடம் குறைந்துவிடும்.

எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போகிறவர்களில் பெரும்பாலோருக்கு வாசல் பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையம்தான். ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி, நகரத்தைக் கடந்து, 120 கிலோமீட்டருக்கு மேல் காரின் பின்புறத்தில் பெட்டிகள் குலுங்கியபடி வந்து சேர்கின்றன. அந்தக் குலுங்கலிலேயே பூட்டாத ரன்னர் விலகிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அங்கே பெட்டி கவுண்டரில் நம் கையைவிட்டுப் போன பிறகு உள்ளே எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள், ஐயம் வந்தால் நம்மைக் கூப்பிட்டு நம் முன்னிலையிலேயே திறக்கச் சொல்கிறார்கள். முதல் பயணத்தில் என் பெயரை அழைத்தார்கள். காரணம் கொப்பரைத் தேங்காய். அதில் உள்ள எண்ணெயால் தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருளாக அது கருதப்படுவதால் அடியில் போகும் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பதற்றத்தில் எண்ணே நினைவுக்கு வரவில்லை. என் கணவர்தான் சொன்னார். எண்ணை இரண்டு பேராவது மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். பவர் பேங்க்கும் உதிரி லித்தியம் பேட்டரியும் அடியில் போகும் பெட்டியில் இருக்கவே கூடாது, அவற்றைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். அவற்றுக்காகப் பெட்டி திறக்கப்படுவதைத் தவிர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது.

அமெரிக்கப் பூட்டின் பயன் போகும்போது மட்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உண்மையில் அது அதிகம் தேவைப்படுவது அந்த நாட்டுக்குள் பெட்டி மறுபடி விமானம் ஏறும்போதுதான். முதலில் இறங்கும் அமெரிக்க நகரில் பெரும்பாலும் நாமே பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனை முடித்து, அடுத்த விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்கிறோம். அங்கிருந்தும், பிறகு ஊர் திரும்பும்போதும், டி.எஸ்.ஏ. சோதனை உண்டு. திறந்து பார்த்தால் உள்ளே ஓர் அச்சிட்ட அறிவிப்புத் தாளை வைத்துவிடுவார்கள். இரண்டாம் முறை மகள் வீட்டில் பெட்டியைத் திறந்தபோது கேழ்வரகு மாவுப் பொட்டலத்தின்மேல் அந்தத் தாள் இருந்தது. பூட்டு மட்டும் நாங்கள் போட்டபடியே பூட்டியிருந்தது. 700 ரூபாய்க்கு நான் வாங்கியது இதைத்தான் என்று அன்று நிறைவாக இருந்தது.

அதே சமயம் அந்தப் பொதுச்சாவிகள் இரகசியமாக இருக்கின்றன என்று யாரும் நம்ப வேண்டாம். 2014-இல் ஓர் அமெரிக்க நாளிதழ்க் கட்டுரையோடு அந்தச் சாவிகளின் படம் வெளியானது; 2015-இல் அந்தச் சாவிகளை முப்பரிமாண அச்சில் செய்வதற்கான கோப்புகளையும் இணையத்தில் போட்டுவிட்டார்கள். எனவே இந்தப் பூட்டு திருடனைத் தடுக்கும் என்று நான் எழுதமாட்டேன். தானாகத் திறந்துகொள்வதைத் தடுக்கும், அவசரத்தில் பெட்டிக்குள் கையை விடுபவனைத் தடுக்கும். பொதுச்சாவியால் திறந்தால் சிவப்புப் புள்ளி தோன்றும் வகைப் பூட்டுகளும் உண்டு. அடுத்த முறை அதைத்தான் தேடப்போகிறேன், ஏனென்றால் பெட்டி திறக்கப்பட்டதா என்பது, இறங்கியதும் பெட்டிகள் வரும் பெல்ட்டின் அருகிலேயே தெரிந்துவிட வேண்டும்.

அது ஏன் என்பதை நாடு திரும்பியபோது கற்றேன். பெல்ட்டில் வந்த பெட்டியின் ரன்னர் ஒன்று உடைந்திருந்தது; பூட்டு மற்றொன்றில் மட்டும் தொங்கியது. களைப்பில் அப்படியே வண்டியில் ஏற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். என் கணவர் விடவில்லை. பெட்டிப் புகார் கவுண்டரில் படிவம் எழுதி, புகார் எண்ணை வாங்கிக்கொண்டோம். அந்த விமான நிறுவனம் பல மின்னஞ்சல்களுக்குப் பிறகு சரிசெய்யும் செலவை மட்டும் கொடுத்தது. கவுண்டரில் எழுதிய அந்தப் படிவம் இல்லாவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது. இந்தியாவும் ஏற்றுள்ள 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, பன்னாட்டுப் பயணத்தில் பெட்டி சேதமடைந்தால் பெற்ற நாளிலிருந்து 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தால் 21 நாட்கள். ஒரு பயணிக்கு இழப்பீட்டின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறத்தாழ 2,000 டாலர். அது உச்ச வரம்பே தவிர கட்டாயம் கிடைக்கும் தொகை அன்று. நகை, பணம், லேப்டாப் ஆகியவற்றை அடியில் போகும் பெட்டியில் வைத்தால் பொறுப்பேற்க மாட்டோம் என்று விமான நிறுவனங்கள் தம் நிபந்தனைகளில் எழுதியும் வைத்திருக்கின்றன. பேத்திக்குப் போட வாங்கிய கால் கொலுசை நான் சேலை மடிப்புக்குள் வைத்துப் பெட்டியில் போட்டிருந்தேன். நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. இப்போது அவையெல்லாம் கைப்பையில்தான்.

விமான நிலையத்தில் சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பெட்டியைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றித் தருகிறார்கள். துணிப்பெட்டிக்கு மழையிலிருந்தும் அழுக்கிலிருந்தும் பாதுகாப்பு. சோதனைக்குத் திறந்தால் கிழித்துவிடுவார்கள், மறுபடி யாரும் சுற்றித் தரமாட்டார்கள். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்களுக்கு இந்தச் சிவப்புக் கட்டப் பூட்டு கட்டாயமில்லை, நல்ல சாதாரணப் பூட்டே போதும். உள்நாட்டுப் பயணத்துக்கு நான் இப்போது பூட்டே போடுவதில்லை. எலக்ட்ரிகல் கடையில் விற்கும் பச்சை நிறக் கேபிள் டையால் இரண்டு ரன்னர்களையும் சேர்த்துக் கட்டிவிடுகிறேன். யாராவது வெட்டிவிட்டு வேறொன்று போட்டால் நிறத்திலேயே தெரிந்துவிடும். அதை வெட்ட ஒரு நகவெட்டியைப் பெட்டியின் வெளிப்பையிலேயே போட்டு வைக்கிறேன்.

வாங்கிய இரண்டு பூட்டுகளில் ஒன்றின் நடுச் சக்கரம் தளர்ந்துவிட்டது. மற்றொன்று இன்னும் 'டிக்' என்று நிற்கிறது. வரும் மே மாதம் கொழுந்தனார் தம் மகனைப் பார்க்க அமெரிக்கா புறப்படுகிறார், அந்தப் பூட்டின் எண்ணை அவர் கையாலேயே மாற்றச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.