லேத்துக்கு என்கோடர் மாட்ட காசு குடுக்கறதுக்கு முன்னாடி புல்லில பல்லு எண்ணுங்க

மக்களே, வீட்ல சின்ன சிஎன்சி லேத் வெச்சிருக்கறவங்க யாராச்சும் மரை வெட்டறதுக்காக ஸ்பின்டில் என்கோடர் (ராட சுத்தற ஸ்பின்டில் எந்த கோணத்துல நிக்குதுன்னு சொல்ற சென்சார்) மாட்டற ஐடியால இருந்தா இத படிச்சிட்டு அப்புறம் கடைக்கு போங்க. அம்பத்தூர் பக்கம் ஒரு கடைல 18,500 ரூபா குடுத்துட்டு ரெண்டு மாசம் அலைஞ்சேன், அந்த வயித்தெரிச்சல்லதான் எழுதறேன்.

என் லேத்து லினக்ஸ்சிஎன்சிங்கற சாஃப்ட்வேர்ல ஓடுது, ஸ்டெப்பர் மோட்டர். டர்னிங், ஃபேசிங்லாம் நல்லா வரும், மரை மட்டும் முடியாது, ஏன்னா மரைய பல தடவையா ஆழமாக்கணும், ஒவ்வொரு பாஸும் (டூல் ஒரு தடவை வெட்டிட்டு போறது) ஸ்பின்டில் அதே கோணத்துக்கு வரும்போதுதான் ஆரம்பிக்கணும், அத சொல்றதுக்கு என்கோடர் வேணும். 1024 பல்ஸ் என்கோடர், புல்லி, பெல்ட், சாஃப்ட்வேர் செட்டிங் எல்லாம் சேத்து அவங்களே வந்து மாட்டிக் குடுத்தாங்க, ஆர்பிஎம் கரெக்டா காட்டுச்சு, நானும் நம்பி முழு காசையும் குடுத்துட்டேன், பில்லு கூட வெறும் துண்டு சீட்டுதான்.

மொத வேலை எம்12, 1.75 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.75 எம்எம்). மொத பாஸ் கோடு அவ்ளோ அழகு, பிட்ச் கேஜ் வெச்சா அப்படியே உக்காருது. ரெண்டாவது பாஸ் அந்த கோட்டுல போகாம கொஞ்சம் தள்ளி போச்சு, மூணாவது இன்னொரு எடத்துல, அஞ்சு பாஸ் முடிஞ்சப்ப மரையே இல்ல, அரம் போட்டு ராவின மாதிரி இருந்துச்சு. கடைக்கு போன் போட்டா இன்செர்ட் (டூல் முனைல வெட்டற துண்டு) சரியில்ல சார்னாங்க, மாத்தினேன். அதுக்கப்புறம் ஸ்டெப்பர் ஸ்டெப் விடுது சார், சர்வோ போட்டாதான் சரியாகும், 28,000 ஆகும்னாங்க. 300 ஆர்பிஎம்ல 1.75 பிட்ச்னா இசட் (டூல் நீளவாக்குல நகர்றது) நிமிஷத்துக்கு 525 எம்எம்தான் ஓடணும், அதே மோட்டர் ரேபிட்ல, அதாவது வெட்டாம வேகமா நகர்றப்ப, 2000 ஓடுது, அது எப்படி ஸ்டெப் விடும்?

கடைசில கண்டுபிடிச்சது எங்க பெரியப்பா. அந்தக் காலத்து டர்னர், சிஎன்சிலாம் தொட்டதே இல்ல. கெட்டுப்போன ராட வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பி பாத்துட்டு "என்னடா, மூணு ஸ்டார்ட் மரையா வெட்டிருக்க?"ன்னாரு, அதாவது மூணு கோடு தனித்தனியா ஆரம்பிச்சு போற மரை. "நாங்க டயல்ல நம்பர் பாத்துதான்டா ஹாஃப் நட்ட போடுவோம், நம்பர் மாறுச்சுன்னா இப்படித்தான் ஆகும்." (பழைய லேத்துல மரை வெட்டறப்ப டூல நகத்த கோர்த்து விடறதுதான் ஹாஃப் நட்டு.)

மூணுன்னு அவர் சொன்னது மண்டைல ஏறிடுச்சு. உடனே பின்னாடி கவர கழட்டி புல்லில மார்க்கர் வெச்சு பல்லு எண்ணினேன். ஸ்பின்டில்ல 60, என்கோடர்ல 40. ஸ்பின்டில் ஒரு சுத்து சுத்தினா என்கோடர் ஒன்றரை சுத்து, அப்போ பாஸ ஆரம்பிக்கச் சொல்லி ஸ்பின்டில் ஒரு சுத்துக்கு ஒரு தடவை வரவேண்டிய இண்டெக்ஸ் பல்ஸ் 240 டிகிரிக்கு ஒரு தடவை வருது. அதனால பாஸ் மூணு எடத்துல எங்க வேணா ஆரம்பிக்கும். மூணு கோடு!

இது தெரியாம நடந்த தப்புன்னா கூட விட்டிருப்பேங்க. செட்டிங் ஃபைல தொறந்து பாத்தா ஸ்கேல் (ஸ்பின்டில் ஒரு சுத்துக்கு எத்தனை எண்ணணும்ங்கறது) 6144ன்னு போட்டிருக்கு. ஒரு பல்ஸ நாலா எண்ணும், அதனால 1024 என்கோடருக்கு நாலால பெருக்கினா 4096தான் வரணும். ஒன்றரை மடங்கு ஏத்தி போட்டிருக்காங்க, அப்போதான் ஆர்பிஎம்மும் பிட்ச்சும் சரியா காட்டும். பல்லு பொருந்தலன்னு தெரிஞ்சே கைல இருந்த புல்லிய மாட்டிட்டு, கணக்க மட்டும் சரி பண்ணிட்டு, எனக்கு சர்வோவும் விக்க பாத்திருக்காங்க.

யார் மாட்டினாலும் ரெண்டு புல்லியும் ஒரே பல்லு இருக்கணும், எண்ணிப் பாருங்க. ஆர்பிஎம் காட்டறத நம்பாதீங்க. காசு குடுக்கறதுக்கு முன்னாடி அவங்க எதிர்லயே ஒரு ராடுல மார்க்கர் பூசி, டூல் லேசா கீறற ஆழத்துல அதே ஆழத்துலயே பத்து பாஸ் ஓட்டச் சொல்லுங்க, ஒரே ஒரு கோடுதான் தெரியணும். ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்க, துண்டு சீட்ட வெச்சிக்கிட்டு நான் எங்க போய் கேக்கறது.

லிங்கி செட்டித் தெருல இன்னொரு 60 பல்லு புல்லியும் நீளமான பெல்ட்டும் வாங்கி, பெரியப்பாவும் நானும் ஒரு ஞாயித்துக்கிழமை மாட்டினோம், ஸ்கேல 4096க்கு மாத்தினேன். மறுபடி அதே எம்12 வெட்டினேன், நட்டு கைலயே கடைசி வரைக்கும் ஏறுச்சு. கடைக்காரர் இன்னும் என் போன எடுக்கல.