மூன்று வருடச் சிவப்பும் ஒரு சொட்டு பிரேக் ஆயிலும்

போன வாரம் திருப்பூரிலிருந்து மச்சினன் கூப்பிட்டான். "ஏனுங் மச்சான், உங்க கார்ல மாதிரியே என்ற கார்லயும் காலிப்பருக்குச் செவப்பு அடிச்சரலாமுங்களா?"

காலிப்பர் என்பது சக்கரத்துக்குள் இருக்கும் கவ்வி, பேட் என்கிற இரண்டு கட்டைகளை டிஸ்க்கின் மேல் அழுத்தி வண்டியை நிறுத்துவது. அவன் கேட்ட நேரம் சரியில்லை. இரண்டு நாள் முன்புதான் இடது முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து வயிறு எரிந்துபோயிருந்தேன்.

மூன்று வருடம் முன்பு பொள்ளாச்சி வீட்டு வாசலில் நானே அடித்தது. பின்னால் டிரம் பிரேக் என்பதால் முன்னால் இரண்டு காலிப்பர் மட்டும்தான். அரை நாள் வேலை என்று நினைத்து ஆடி மாதத்தில் ஆரம்பித்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் பக்கத்து நார் மில்லின் தூளெல்லாம் ஈரப் பெயிண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. முதல் பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, மறுநாள் காற்று கிளம்பும் முன்னே விடியற்காலையில் மறுபடி மூன்று பூச்சு, மெல்லிசாக.

அடிப்பது சுலபம். அதற்கு முந்தைய வேலைதான் வேலை. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, ரப்பர், பிரேக் ஆயிலை இறக்கும் ப்ளீடர் நிப்பிள், பேட் உட்காரும் இடம் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். அப்படிச் சுரண்டும்போதுதான் இடது பக்கத்தில், காலிப்பர் வழுக்கி நகர உதவும் ஸ்லைடு பின்னின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் காய்ந்து கிடப்பதைப் பார்த்தேன். பின் நகராததால் உள்பக்க பேட் வெளிப்பக்கத்தைவிடப் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. பெயிண்ட் அடிக்க உட்காராமல் இருந்தால் இது எப்போது கண்ணில் பட்டிருக்குமோ! அந்த ஒரு காரியத்துக்காகவே போட்ட காசு திரும்பி வந்துவிட்டது.

பெயிண்டும் குறை சொல்ல முடியாதது. சூடு தாங்கும் காலிப்பர் பெயிண்ட்தான் வாங்கினேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. வருடத்துக்கு நாலைந்து தடவை ஏறி இறங்குகிறேன். இரண்டாம் கியரிலேயே இறங்கினாலும் கீழே வந்து நிறுத்தும்போது பேட் வாசம் வரும். ஆனால் நிறம் கருகியதில்லை, பொரிந்ததில்லை. பிரேக் தூசி படிந்து செங்கல் நிறமாகும், மாதம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் கழுவினால் பழைய குங்குமச் சிவப்பு வந்துவிடும்.

அதைத்தான் போன மாதம் கெடுத்துவிட்டார்கள். பிரேக் ஆயில் மாற்றப் பட்டறையில் காரை விட்டிருந்தேன். நிப்பிளைத் திறந்து ஆயிலை இறக்கும்போது வழிந்ததை அங்கே இருந்த பையன் காய்ந்த துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு சக்கரத்தை மாட்டிவிட்டான். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். பட்ட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் தப்பும். கேலன் கணக்கில் பிரேக் ஆயில் ஊற்றுகிற இடத்தில் இது தெரியாமலா இருக்கும்? வீட்டில் சக்கரத்தைக் கழற்றினால், நிப்பிளுக்குக் கீழே பெயிண்ட் அப்பளம்போல உப்பிக் கிடந்தது. நகத்தை வைத்தேன், தோலாக உரிந்து வந்தது. பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெறும் இரும்பு.

பட்டறைக்குப் போன் செய்தேன். "அதனால பிரேக்குக்கு ஒண்ணும் ஆகாதுங்ணா" என்றார்கள். உண்மைதான். பிரேக் வேலையைச் சுத்தமாகவே செய்திருக்கிறார்கள், பெடல் முன்பைவிட இறுக்கமாக நிற்கிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

மீதி வைத்திருந்த டப்பாவைத் திறந்தேன். உள்ளே கட்டி தட்டிப்போயிருந்தது. நாணயம் அளவு இடத்துக்காகப் புது டப்பா வாங்க வேண்டும், அதுவும் மூன்று வருடம் வெந்த சிவப்போடு சேருமா என்று தெரியாது.

மச்சினனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சக்கரத்தை மட்டும் கழற்றி ஸ்லைடு பின்னைப் பார்க்கச் சொன்னேன்.