வேலூரிலிருந்து உயிருள்ள சிலந்தி: அஞ்சலகமா, கூரியரா?

அணைக்கட்டுப் பக்கத்து நெல்வயல்களில் புகையான் பூச்சியைத் தின்று வாழும் ஓநாய்ச் சிலந்திகள் பன்னிரண்டைக் கோயம்புத்தூரில் ஆய்வு செய்யும் நண்பருக்கு உயிருடன் அனுப்ப வேண்டியிருந்ததால், சென்ற சித்திரையில் வேலூரின் பார்சல் வசதிகளைச் சோதித்துப் பார்க்க நேர்ந்தது.

அஞ்சலக ஊழியர், உள்ளே இருப்பது இன்னதென்று சொன்னவுடனே மறுத்துவிட்டார். தபால்களையோ ஊழியரையோ காயப்படுத்தக்கூடிய உயிரினங்களை 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டமே விலக்கியிருந்தது. உலக அஞ்சல் ஒன்றிய விதிகளில் தேனீ, அட்டை, பட்டுப்புழு ஆகியவற்றுடன், தீமை செய்யும் பூச்சிகளை ஒழிக்கும் உயிரினங்களுக்கும் இடமுண்டு. ஆனால் கடைசியாகச் சொன்ன வகை அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கிடையே மட்டுமே செல்லலாம், என்னைப் போன்ற தனிநபருக்கு அது பொருந்தாது. அமெரிக்க அஞ்சல் துறை சிலந்திகள் அனைத்தையும் தடுத்துவிட்டு, மருத்துவ ஆய்வுக்கெனத் தேளை மட்டும் நிபந்தனையுடன் ஏற்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

அடுத்துச் சென்ற தனியார் கூரியர் கடையில் எந்தக் கேள்வியும் எழவில்லை. சிலந்தி என்று நானே சொன்ன பிறகும், ரசீதில் 'பிளாஸ்டிக் டப்பா' என்று எழுதிக்கொண்டார்கள். தகரக் கூரையிட்ட கிடங்கில் பெட்டி ஒரு நாள் கிடந்ததாம். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பன்னிரண்டில் ஒன்பது இறந்திருந்தன. இழப்பீடு கேட்கப் போனபோது, உயிரினங்கள் ஏற்கப்படமாட்டா என்ற வரி ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். அதுவும் பெட்டி உடையாமல் சேர்ந்ததற்காக. இறந்த சிலந்தியைச் சாராயத்தில் இட்டு ஆய்வு மாதிரியாக அனுப்பலாம் என்றால், அது தீப்பற்றும் பொருள் என்று அந்த வழியும் அடைபடுகிறது.

இரண்டாம் முறை வேறு பன்னிரண்டு சிலந்திகளை நானே எடுத்துச் சென்றேன். ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் டப்பாவுக்கு ஒரு சிலந்தி, ஊசித்துளைகள், நனைத்துப் பிழிந்த சிறு பஞ்சு, சுற்றிலும் செய்தித்தாள், வெளியே தெர்மோகோல் பெட்டி. இரை வைக்கவில்லை, சில நாள் பட்டினியை அவை தாங்கும், சூட்டைத்தான் தாங்கா. காலையில் காட்பாடியில் கோவை எக்ஸ்பிரஸ் ஏறினால் பிற்பகலில் கோயம்புத்தூர் சேர்ந்துவிடலாம். பெட்டியைச் சன்னலோர வெயிலில் வைக்காமல் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தேன். இது வயல்சிலந்திக்கு மட்டுமே சொல்லும் வழி. மரங்களில் வாழும் பொசிலோதீரியா என்ற பேரினத்தின் பெரிய சிலந்திகள், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் 2019இல் சேர்க்கப்பட்டவை. அவற்றைத் தொடுமுன் வனத்துறையைக் கேட்பதே முறை.

பன்னிரண்டும் உயிருடன் சேர்ந்தன. ஒரு பெண் சிலந்தி வழியிலேயே முட்டைப்பையைக் கட்டி, அதை வயிற்றின் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.