டாரோ விரிப்பு தைக்கும் கிட்: துணி அருமை, அளவில் கோட்டை விட்டுவிட்டார்கள்

குறி பார்க்கப் பயன்படும் படச்சீட்டான டாரோ கார்டை விரிக்க ஒரு நல்ல துணி வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். ரெடிமேடாகக் கிடைப்பதில் பாதிக்கு மேல் நடுவில் பெரிய நட்சத்திரம், சுற்றிலும் பன்னிரண்டு ராசி, மூலைக்கு ஒரு பிறை என்று அச்சடித்தே வருகிறது. அதன்மேல் கார்டைப் போட்டால் எது கார்டின் படம், எது துணியின் படம் என்று கண் தடுமாறுகிறது. சரி, நாமே தைத்துவிடலாம் என்று ஆன்லைனில் ஒரு கிட் வாங்கினேன். விற்பவர் பெயர் வேண்டாம், இதே படத்தோடு இதே கிட்டை நாலைந்து பேர் விற்கிறார்கள்.

பெட்டிக்குள் இருந்தவை: 45 சென்டிமீட்டர் சதுரத்தில் கருநீல வெல்வெட், அதே அளவில் பின்பக்கத்துக்கு சாட்டின், நூல், இரண்டு ஊசி, நான்கு குஞ்சம், செய்முறைத் தாள் ஒன்று.

முதலில் வெல்வெட்டைப் பாராட்டிவிடுகிறேன். அழுத்தமான கருநீலம், பளபளப்பு இல்லை, ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தேன், சாயம் ஒட்டவில்லை. படம் எதுவும் இல்லாததால் கார்டு மட்டும்தான் கண்ணில் படுகிறது. இதெல்லாம் வெறும் அலங்காரம்தானே, மேஜையிலேயே விரித்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் ஒரு முறை கண்ணாடி மேஜையில் கார்டை எடுத்துப் பார்க்க வேண்டும். பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும். நகத்தை விட்டு நெம்பி நெம்பியே கார்டின் ஓரமெல்லாம் வெளுத்துப் போகும். வெல்வெட்டில் ஒரு ஓரத்தை லேசாக அழுத்தினால் எதிர் ஓரம் தானாக எழும்பி விரலுக்கு வருகிறது. கைக்கெட்டும் தூரத்தில் சீட்டு வித்தை காட்டுபவர்கள் கொஞ்சம் தடித்த விரிப்பை மேஜையில் போட்டுக்கொள்வதும் இதற்காகத்தான்.

இப்போது கோளாறுக்கு வருகிறேன். இந்தச் சதுரத்தை வெட்டியவர் டாரோ கார்டைக் கையில் எடுத்தே பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். 1909இல் வந்த ரைடர் வெயிட் என்ற டாரோ கட்டுக்காக பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்களைத்தான் இன்றைக்கும் நிறையப் பேர் வைத்திருக்கிறோம், அதன் வழக்கமான அளவு 7க்கு 12 சென்டிமீட்டர். சாதாரண சீட்டுக்கட்டு போல நினைத்துவிடக் கூடாது, இது நல்ல நீளம். கிட்டில் சொன்னபடி நாலு பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் தையலுக்கு விட்டால் மிஞ்சுவது 42. மூன்று கார்டு விரித்தால் தாராளமாக இடம் இருக்கும். ஆனால் செல்டிக் கிராஸ் என்ற பெரிய விரிப்பு முறையைப் போட்டுப் பாருங்கள். மொத்தம் பத்துக் கார்டு, ஆறு சிலுவை போல வரும், அதில் ஒன்று நடுக் கார்டின் மேல் குறுக்கே படுக்கும், வலது ஓரத்தில் மீதி நான்கு மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் வரும். நாலு பன்னிரண்டு நாற்பத்தெட்டு, இடையில் ஒரு சென்டிமீட்டர் விட்டால் 51. கடைசிக் கார்டு முக்கால்வாசி மேஜையில்தான் கிடக்கும்! அகலத்துக்குப் பிரச்சினை இல்லை, குறுக்கே படுக்கும் கார்டையும் சேர்த்தால்கூட 36, 37க்குள் முடிந்துவிடும். உயரம்தான் உதைக்கிறது. பெட்டியின் மேலேயே பத்துக் கார்டு விரித்த படத்தைப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் கடுப்பு, உற்றுப் பார்த்தால் கார்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி வைத்துத்தான் படம் பிடித்திருக்கிறார்கள்.

தைக்கும் வேலையும் தாளில் போட்டிருப்பது போல "அரை மணி நேரம்" இல்லை. வெல்வெட்டையும் சாட்டினையும் நல்ல பக்கம் உள்ளே வருமாறு சேர்த்துத் தைத்து, ஒரு பக்கத்தில் பத்து சென்டிமீட்டர் திறந்து விட்டு, அதன் வழியாகப் புரட்ட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் வெல்வெட் நழுவும். குண்டூசி குத்தி வைத்தும், ஒரு மூலையில் ஆரம்பித்து அடுத்த மூலைக்குப் போவதற்குள் மேல் துணி அரை விரல் முன்னால் ஓடிவிட்டது. பிரித்தேன். இரண்டாம் முறை பெரிய பெரிய ஓட்டுத் தையலாகக் கையால் போட்டு நிறுத்திக்கொண்டு, அதற்குப் பிறகு மெஷினில் தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்கு வைத்து மெதுவாக ஓட்டினேன், வந்துவிட்டது. இந்த ஓட்டுத் தையலைப் பற்றித் தாளில் ஒரு வரி இல்லை. புரட்டுவதற்கு முன்னால் மூலையில் மிச்சத் துணியைக் குறுக்கே வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூலை உருண்டையாக வரும், அதுவும் இல்லை. நேராக வெல்வெட் மேலேயே இஸ்திரி போடச் சொல்லியிருக்கிறார்கள், தயவுசெய்து போடாதீர்கள், இஸ்திரிப் பெட்டியின் தடம் அப்படியே பதிந்துவிடும். ஒரு துண்டை விரித்து வெல்வெட்டைக் குப்புறப் போட்டுப் பின்பக்கமாகத் தேய்க்க வேண்டும்.

அப்புறம் அந்த சாட்டின். மேஜையில் விரித்துக் கார்டைக் கலைத்தால் துணியும் சேர்ந்து நகர்கிறது. 78 கார்டையும் கவிழ்த்துப் போட்டு இரண்டு கையாலும் அளைவது என் பழக்கம், ஒவ்வொரு தடவையும் விரிப்பை இழுத்து இழுத்து வைக்க வேண்டியிருந்தது. அடியில் வருவது வழுக்கக் கூடாது என்பது தெரியாமலா இதை விற்கிறார்கள்?

கடைசியில் எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். பழைய பருத்தி படுக்கை விரிப்பு ஒன்றிலிருந்து 13 சென்டிமீட்டர் அகலத்தில் நான்கு பட்டை வெட்டி வெல்வெட்டைச் சுற்றி பார்டராக வைத்தேன், பின்பக்கத்துக்கும் அதே துணி. பல தடவை துவைத்த துணி என்பதால் இனிமேல் சுருங்காது. புதுத்துணி என்றால் ஒரு முறை நனைத்து உலர்த்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே பார்டர் சுருங்கி நடுத்துணி உப்பிக்கொள்ளும். தையல் போக இப்போது 62க்கு 62. செல்டிக் கிராஸ் முழுசாக உட்கார்ந்து, மிச்சக் கட்டை வைக்கவும் ஓரத்தில் இடம் இருக்கிறது. நகரவும் இல்லை. மிஞ்சிய சாட்டினைக் கார்டு போட்டு வைக்கும் பையாகத் தைத்துவிட்டேன், பைக்கு அந்த வழவழப்பு பொருத்தம்தான், கட்டு சிக்காமல் உள்ளே போய் வருகிறது. விரிப்பை மடிப்பதில்லை, சுருட்டித்தான் வைக்கிறேன், வெல்வெட்டில் மடிப்புக் கோடு விழுந்தால் கார்டு அதன்மேல் ஆடும்.

ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன், அந்த இரண்டரையும் வெல்வெட்டுக்குத்தான். மூன்று கார்டோடு நிறுத்திக்கொள்பவர்கள், மெஷின் வைத்திருப்பவர்கள் என்றால் வாங்கலாம். மற்றவர்கள் 65 சென்டிமீட்டர் வெல்வெட்டும் அதே அளவு பருத்தியும் தனித்தனியாக வாங்கித் தைத்துக்கொள்வது மேல், பார்டர் வேலையும் மிச்சம். குஞ்சம் நான்கும் இன்னும் கவரிலேயே இருக்கின்றன. மூலையில் கட்டிப் பார்த்தேன், கார்டை எடுக்கும்போதெல்லாம் கையில் சிக்கியது.