விஎஃப்எக்ஸ் வேலைக்கு பிளெண்டர் போதுமா? பல வருடம் புழங்கியவனின் அனுபவம்

எடுத்த வீடியோவுக்குள் இல்லாததைச் சேர்க்கும் விஎஃப்எக்ஸ் வேலைக்கு, பிளெண்டர் என்ற இலவச 3டி சாஃப்ட்வேர் போதுமா? போதும், ஆனால் பாதி வேலைக்குத்தான். எந்தப் பாதி என்று யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. "ஃப்ரீ சாஃப்ட்வேர், எல்லாம் செய்யும்" என்று ஒரு கோஷ்டி, "இதெல்லாம் ஹாபிக்குத்தான், ஸ்டூடியோவில் நியூக் சாஃப்ட்வேர்தான்" என்று இன்னொரு கோஷ்டி. நான் ஸ்டூடியோக்காரன் இல்லை. குறும்படம், யூடியூப் விளம்பரம், மனை விற்பவர்களின் வீடியோ என்று வருவதையெல்லாம் வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து முடித்துக் கொடுப்பவன். வலது கிளிக்கில் செலக்ட் பண்ண வேண்டியிருந்த 2.79 வெர்ஷன் காலத்தில் ஆரம்பித்து, 2019இல் 2.80 வந்து மொத்த முகமும் மாறியபோது கூடவே மாறி, இன்றுவரை இதில்தான் சோறு.

முதலில் நல்ல பாதி, கேமரா டிராக்கிங். அதாவது வீடியோவைப் பார்த்தே அதை எடுத்த கேமரா எப்படி அசைந்தது என்று கணக்கிடுவது. 2011 கடைசியில் வந்த 2.61இல் இருந்து இது உள்ளேயே இருக்கிறது. அடுத்த வருடமே பிளெண்டர்காரர்கள் ஆம்ஸ்டர்டாமில் நிஜ நடிகர்களை வைத்து 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' என்று ஒரு குறும்படம் எடுத்தார்கள். அந்தப் படத்துக்காகத்தான் டிராக்கர், மாஸ்க் (படத்தில் ஒரு பகுதியைச் சுற்றி வரைந்து பிரிப்பது), கீயிங் (பச்சைத் திரையை நீக்குவது) எல்லாவற்றையும் உட்கார்ந்து வளர்த்தார்கள். இதில் டிராக்கர் மட்டும் இன்றைக்கும் கெத்தாக நிற்கிறது.

எனக்கு அடிக்கடி வரும் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே ஒரு வெற்று மனை. அதில் இன்னும் கட்டாத வீடு நிற்பது போல வேண்டும், கேமரா நடந்துகொண்டே போக வேண்டும். வீடியோ பெரும்பாலும் போனில் எடுத்ததாகத்தான் வரும். போன் வீடியோவில் இரண்டு தொல்லை. ஒன்று, ஸ்டெபிலைசேஷன். ஆட்டத்தைக் குறைக்க போனே ஒவ்வொரு ஃப்ரேமையும் வெட்டி நகர்த்திவிடுவதால், டிராக்கர் கண்டுபிடிக்க வேண்டிய கேமரா அசைவே பொய்யாகிவிடுகிறது. இன்னொன்று, ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது. எனவே எடுப்பவரிடம் முன்கூட்டியே ஸ்டெபிலைசேஷனை ஆஃப் பண்ணச் சொல்லிவிடுவேன், ஷட்டரைக் கொஞ்சம் ஏற்றி வைக்கச் சொல்வேன், நடுவில் ஜூம் பண்ணக் கூடாது என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொல்வேன். வந்த ஃபைலை நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றி இமேஜ் சீக்வென்ஸாக்கிய (ஃப்ரேமுக்கு ஒரு படமாகப் பிரித்த) பிறகுதான் பிளெண்டருக்குள் கொண்டுபோவது.

ஃபோகல் லெங்த்தில் பலர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். போன் காட்டும் 26 எம்எம் என்பது 35 எம்எம் ஃபிலிமுக்குச் சமமாகச் சொல்லும் கணக்கு. அதைப் போட்டால் சென்சார் அகலத்தில் 36 என்றுதான் போட வேண்டும். வீடியோவில் போன் ஓரத்தை வெட்டியிருக்கும் என்பதால் அதுவும் உத்தேசம்தான். முதலில் சால்வ் (கேமரா அசைவைக் கணக்கிடும் படி), பிறகு அந்தக் கணக்கைத் திருத்தும் ரிஃபைனில் ஃபோகல் லெங்த், அதற்கும் பிறகு தேவைப்பட்டால் லென்ஸ் டிஸ்டார்ஷன் (லென்ஸ் படத்தை வளைக்கும் அளவு). எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் டிக் பண்ணினால் அது எங்கேயாவது போய் நிற்கும்.

மார்க்கர், அதாவது டிராக்கர் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பின்தொடரும் புள்ளி, அதை வைக்கும் இடத்தில்தான் பாதி உயிர். தானாகவே புள்ளி தேடிக் கொடுக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது சீமைக்கருவேல இலை மேல் கூசாமல் கொண்டுபோய் வைக்கும். காற்றில் ஆடுகிற எதுவும் ஆகாது. மனை என்றால் எல்லைக்கல் இருக்கும், வெள்ளையடித்து மேலே நம்பர் போட்டிருப்பார்கள், அதைவிட நல்ல மார்க்கர் கிடையாது. கரண்ட் கம்பத்தின் அடி, தார் ரோட்டின் வெடிப்பு, தூரத்துக் கட்டட மூலை என்று கிட்டேயும் தூரத்திலும் கலந்து வைக்க வேண்டும். சால்வுக்கு எடுத்துக்கொள்ளும் இரண்டு கீஃப்ரேமிலும் எட்டு மார்க்கராவது பொதுவாக இருந்தாக வேண்டும். எட்டோடு நிறுத்தாமல் அதைவிடத் தாராளமாகவே வைப்பேன். அளவுக்கும் எல்லைக்கல்லே உதவும். ஒரு கிரவுண்ட், 40க்கு 60 என்று தெரிந்துவிட்டால் 40 அடிப் பக்கத்தின் இரண்டு கல்லைத் தேர்ந்தெடுத்து, நடுவில் 12.19 மீட்டர் என்று ஸ்கேல் கொடுத்துவிட்டால் போதும், வீடு சரியான உயரத்தில் வந்து உட்காரும்.

சால்வ் எரர் (கணக்கிட்ட புள்ளி வீடியோவில் உள்ள புள்ளியை விட்டு விலகும் அளவு) ஒரு பிக்சலுக்குக் கீழே வர வேண்டும் என்பார்கள், அரை பிக்சல் வந்தால் நான் சந்தோஷப்படுவேன். ஆனால் அந்த நம்பரை மட்டும் நம்பாதீர்கள். எரர் அதிகமுள்ள மார்க்கரையெல்லாம் அழித்துக்கொண்டே போனால் நம்பர் அழகாக இறங்கும், கடைசியில் வீடு நிற்க வேண்டிய தரையில் ஒரு மார்க்கர்கூட மிஞ்சாது, வீடு மிதக்கும். ஒவ்வொரு எல்லைக்கல்லின் மேலும் ஒரு கூம்பை நட்டு, ஓடவிட்டுப் பார்ப்பேன். கூம்பு கல்லை விட்டு வழுக்காமல் இருந்தால்தான் அடுத்த வேலை.

அடுத்த வேலை வெளிச்சம். பாலி ஹேவன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் எச்டிஆர்ஐ (சுற்றுப்புற வெளிச்சத்தைப் பதிந்த படம்) ஒன்றைப் போட்டு, கூடவே ஒரு சன் லைட். சூரியன் எந்தப் பக்கம் என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கரண்ட் கம்பத்தின் அடியில் ஒரு மெல்லிய சிலிண்டரை நிறுத்தி, அதன் நிழல் நிஜக் கம்பத்தின் நிழல் மேலேயே விழும்வரை லைட்டைத் திருப்பினால் முடிந்தது. தரையில் வீட்டின் நிழலை வாங்கும் ஷேடோ கேட்சர் 2.79இல் வந்தது. 2021இல் 3.0 வந்தபோது சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் இன்ஜின் (3டி காட்சியைப் படமாக்கும் பகுதி) மொத்தத்தையும் திருத்தி எழுதினார்கள், ஷேடோ கேட்சரும் திருந்தியது, ரெண்டர் வேகமும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கூடியது. ரெண்டரில் வரும் புள்ளிப்புள்ளியான இரைச்சலைத் துடைக்கும் டிநாய்ஸர் ஸ்டில் படத்துக்கு அருமை. வீடியோவில் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சுத்தம் செய்வதால் சுவர் மினுமினுக்கும், அதனால் சாம்பிளை (ஒரு பிக்சலுக்கு எத்தனை முறை ஒளியைக் கணக்கிடுவது என்ற எண்) குறைத்துவிட்டு டிநாய்ஸர் பார்த்துக்கொள்ளும் என்று விட முடியாது.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீடியோவை உள்ளே போட்டதும் வெளுத்துப்போகிறதே, ஏன்?" கலர் மேனேஜ்மெண்டில் வியூ டிரான்ஸ்ஃபார்ம் (வண்ணத்தைத் திரைக்கு ஏற்ப மாற்றும் முறை) முன்பு ஃபில்மிக், 4.0இலிருந்து ஏஜிஎக்ஸ். ஏற்கெனவே போனில் வண்ணம் முடிந்து வந்த வீடியோ மேல் அது இன்னொரு தடவை ஏறுகிறது. ஸ்டாண்டர்ட் என்று மாற்றினால் சரி.

இனி மற்றப் பாதி.

கீயிங் நோடு (ஒவ்வொரு வேலைக்கும் உள்ள பெட்டிக்கு நோடு என்று பெயர்) மோசமில்லை, சுத்தமான கிரீன் மேட்டாக இருந்தால். எனக்கு வருவது சுருக்கம் விழுந்த பச்சைத் துணி, அதன் மேல் ஒரே பக்கத்திலிருந்து அடிக்கும் லைட், துணியை ஒட்டியே நிற்கும் ஆள். அதோடு சாதாரண எம்பி4 வீடியோவில் வண்ணத் தகவல் நாலு பிக்சலுக்கு ஒன்றுதான் இருக்கும், அதனால் தலைமுடி ஓரம் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும். பிளெண்டரில் அதோடு மல்லுக்கட்டிச் சலித்து டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்புக்குப் போனேன். அதன் ஃப்யூஷன் பகுதியில் இருக்கும் டெல்டா கீயர் அதே ஷாட்டைப் பாதி நேரத்தில் முடித்துக் கொடுக்கிறது. இலவசப் பதிப்பில் 4கே யுஎச்டி வரைதான் எக்ஸ்போர்ட் ஆகும், என் வாடிக்கையாளர்களில் அதற்கு மேல் கேட்டவர் யாரும் கிடையாது.

ரோட்டோ, அதாவது ஆளையோ பொருளையோ ஃப்ரேம் ஃப்ரேமாக வெட்டியெடுப்பது, இன்னும் பாவம். மாஸ்க் வரையலாம், மாஸ்க் புள்ளியை டிராக்கோடு கட்டிவைக்கலாம், காரின் கதவு மாதிரி கெட்டியான வடிவத்துக்கு அது போதும். நடக்கிற ஆளை, அதுவும் புடவைத் தலைப்பு பறக்கிற ஒருவரை வெட்ட வேண்டுமென்றால் ஃப்ரேம் ஃப்ரேமாகப் புள்ளியை இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஓரத்தைத் தானே கண்டுபிடித்து வெட்டும் ரோட்டோ பிரஷ் மாதிரி ஒன்று இங்கே உள்ளேயே கிடையாது. 2012இல் இருந்த இடத்திலிருந்து இந்தப் பக்கம் மட்டும் பெரிதாக நகரவில்லை என்பது என் வருத்தம்.

ரெண்டரையும் வீடியோவையும் ஒன்றாக ஒட்டும் காம்ப்பாசிட்டர் தேறிக்கொண்டு வருகிறது. முன்பெல்லாம் ஒரு நோடைத் தொட்டால் டீ குடித்துவிட்டு வரலாம். 3.5இல் வியூபோர்ட்டிலேயே (வேலை செய்யும் 3டி ஜன்னல்) உடனுக்குடன் தெரிய ஆரம்பித்தது, 4.2இல் ஃபைனல் ரெண்டரையும் ஜிபியு பார்த்துக்கொள்கிறது. இருந்தும் நான் இங்கே முடிப்பதில்லை. மல்டிலேயர் ஈஎக்ஸ்ஆராக (பல அடுக்குகளை ஒன்றாக வைக்கும் பட ஃபைல்) வெளியே எடுத்து ஃப்யூஷனில்தான் கடைசி ஒட்டு.

'ஃப்ளோ' படம் 2025இல் ஆஸ்கர் வாங்கியதும் "பார், பிளெண்டரில் எதுவும் முடியும்" என்று எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். லாட்வியாக்காரர் ஜின்ட்ஸ் ஜில்பலோடிஸ் எடுத்தது, பிளெண்டரின் வேகமான ரெண்டர் இன்ஜினான ஈவீயில் ரெண்டர் செய்தது, எனக்கும் பெருமைதான். ஆனால் அது முழு அனிமேஷன் படம். நிஜமாக எடுத்த ஷாட்டுக்குள் பொய்யான பொருளை நுழைக்கும் தலைவலி அதில் கிடையாது, அந்த வெற்றியை வைத்து ரோட்டோவும் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

வெர்ஷன் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) வெர்ஷனுக்கு இரண்டு வருடம் பிழைதிருத்தம் வரும், காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு அதுதான் சரி. 4.2இல் ஈவீயை அடியோடு மாற்றியபோது பழைய ஃபைல்களில் கண்ணாடியும் நிழலும் வேறு மாதிரி தெரிந்தன. பிளெண்டரை ஜிப்பாக இறக்கி ஃபோல்டரில் பிரித்தாலே ஓடும், இன்ஸ்டால்கூட வேண்டாம். நான் எந்த வேலையை எந்த வெர்ஷனில் ஆரம்பித்தேனோ அந்த வெர்ஷனையும் அதே புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போட்டு வைத்துவிடுகிறேன். வாடிக்கையாளர் ஆறு மாதம் கழித்து "சுவர் கலரை மட்டும் மாத்தித் தாங்க" என்று வரும்போது அதைத் திறந்தால் போதும்.