24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை: இராமநாதபுரத்து ஆய்வகம் ஒன்றின் வீட்டுச் சேவை

மண்டபத்தில் இருக்கும் என் மாமியாருக்கு சிறுநீரில் 5-ஹெச்ஐஏஏ என்ற பொருளின் அளவைப் பார்க்கும் பரிசோதனையை, வீட்டுக்கே வந்து மாதிரி வாங்கிச் செல்லும் இராமநாதபுரத்துத் தனியார் ஆய்வகம் ஒன்றின் மூலம் செய்தோம். இந்தப் பக்கத்தில் பலரும் கேள்விப்பட்டிராத பரிசோதனை என்பதால், பாம்பன், தங்கச்சிமடம் வரை உள்ளவர்களுக்குப் பயன்படட்டும் என்று அந்தச் சேவையின் நிறைகுறைகளை எழுதுகிறேன்.

மாமிக்கு முகமும் கழுத்தும் மேல்மார்பும் திடீரெனச் சிவந்து சூடேறும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். துளியும் வியர்க்காது. கூடவே அடிக்கடி வயிற்றுப்போக்கும் இருந்தது. கடற்கரை ஊர்களில் முகம் சிவந்தால் முதல் சந்தேகம் மீன்மேல் விழுவது நியாயமே. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை ஐஸில் வைக்கத் தவறினால் அவற்றில் முகத்தைச் சிவக்கவைக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் பெருகிவிடும், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. ஆனால் அந்தச் சிவப்பு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் மறைந்துவிடும். மாமிக்கோ மீன் சமைக்காத நாள்களிலும் மாதக்கணக்கில் வந்தது. மாதவிடாய் நிற்கும் பருவத்தை அவர் கடந்து பல ஆண்டுகளாகிவிட்டன. முகச்சிவப்பை உண்டாக்கக்கூடிய அம்லோடிபின் போன்ற இரத்த அழுத்த மாத்திரையும் அவர் சாப்பிடவில்லை. ஆகவே ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் மருத்துவர். சிறுகுடலில் தோன்றும் இவ்வகைக் கட்டிகள் செரோட்டோனின் முதலிய பொருள்களைச் சுரந்தாலும், கல்லீரல் அவற்றைச் சிதைத்துவிடுவதால், கட்டி கல்லீரலுக்குப் பரவும் வரை பெரும்பாலும் முகச்சிவப்பு தலைகாட்டுவதில்லை. செரோட்டோனின் சிதைந்து சிறுநீரில் வெளியேறும் பொருளின் அளவைத்தான் இந்தப் பரிசோதனை சொல்கிறது.

அந்த ஆய்வகத்தின் பெரிய பலம், தொலைபேசியில் பேசிய பெண்மணி. "அம்மா, நாட்டுப்பழமோ ரஸ்தாளியோ, மூணு நாளைக்கு எந்த வாழைப்பழமும் வேண்டாம். அன்னாசி வேண்டாம். தக்காளி இல்லாம ரசம் வையுங்க" என்று மாமியிடமே நேரடியாகச் சொன்னார். இவற்றைச் சாப்பிட்டால் கட்டி இல்லாதவருக்கும் அளவு கூடிவிடும். பாராசிட்டமால், சில இருமல் மருந்துகள் ஆகியவையும் முடிவைக் கெடுக்கும் என்பதால், சாப்பிடும் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்; எதையும் தானாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்கும்படி வற்புறுத்தினார். இந்தப் பொறுமைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன், ஏனென்றால் ஆயத்தம் பிழைத்தால் எந்தக் கருவியாலும் சரியான விடை தர முடியாது.

கேன் கொண்டுவந்த தம்பியும் அக்கறையானவர். கேனுக்குள் அமிலம் இருப்பதால் அதில் நேராகச் சிறுநீர் கழிக்கக் கூடாது, தனிக் குவளையில் பிடித்து மெதுவாக ஊற்ற வேண்டும் என்று ஊற்றிக் காட்டாத குறையாக விளக்கினார். காலையில் முதல் சிறுநீரை விட்டுவிட்டு அந்த நேரத்தைக் கேன்மேல் எழுத வேண்டும். மறுநாள் அதே நேரம் வரை, அன்றைய முதல் சிறுநீர் உட்பட, எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். கேனைக் குளிர்ச்சியாக வைக்க ஐஸ் பெட்டியும் கொடுத்தார். மாதிரி சென்னைக்குத்தான் போகிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். சொன்ன தொகைக்கு மேல் வாங்கவில்லை.

குறை அவர்கள் தரும் அச்சிட்ட தாளில் இருக்கிறது. முழுவதும் ஆங்கிலம், வால்நட், அவகாடோ, பிளம் என்று மண்டபத்துச் சமையலறைக்குள் வராதவை முதலில், வாழைப்பழமும் தக்காளியும் கடைசி வரியில். மருந்துகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தொலைபேசியை எடுத்தவர் வேறொருவராக இருந்திருந்தால் மாமி இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வழக்கம்போல் பழம் உரித்திருப்பார். முடிவும் சொன்ன நாளைத் தாண்டி, இரவில் வாட்ஸ்அப்பில் வெறும் எண்ணாக வந்தது. 24 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 முதல் 9 மில்லிகிராம் இயல்பு எனப்படும் இடத்தில் அதைவிடப் பல மடங்கு இருந்தால், விரைவில் மருத்துவரைப் பாருங்கள் என்று ஒரு வரியாவது சேர்ப்பது அவர்கள் கடமை.

பிறகு இவ்வகைக் கட்டிகளைக் காட்டும் டோட்டாடேட் பெட் ஸ்கேனில் கட்டி உறுதியாகி, மாமிக்கு இப்போது 28 நாளுக்கு ஒருமுறை, கட்டியின் சுரப்பைக் கட்டுப்படுத்தும் லான்ரியோடைடு ஊசி போடுகிறோம். சிவப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. அளவுகளை ஒப்பிட ஒரே ஆய்வகம் நல்லது என்பதால் அடுத்த பரிசோதனையும் இவர்களிடம்தான். ஞாயிற்றுக்கிழமை மாதிரி வாங்க ஆள் வருவதில்லை. எனவே சனிக்கிழமை காலையில் சேகரிப்பைத் தொடங்காதீர்கள்.